பதில்: அடாப்டர் வழியாக இணைத்த பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அசையவே இல்லை

யூஎஸ்பி-பேரலல் அடாப்டர் (பழைய பேரலல் பிரிண்டரை யூஎஸ்பியில் இணைப்பது) போட்டும் அச்சு வரவில்லை, அச்சு வரிசையில் ஆவணம் தேங்கி நிற்கிறது, போர்ட் எல்பிடி1 (பழைய பேரலல் பிரிண்டர் போர்ட்டின் பெயர்) என்று காட்டுகிறது என எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அந்தக் கடைசி விவரத்தில்தான். இத்தகைய அடாப்டர்கள் பெரும்பாலும் எல்பிடி போர்ட்டை உருவாக்குவதில்லை. விண்டோஸில் யூஎஸ்பி001 போன்ற மெய்நிகர் போர்ட்டாகவே தெரியும்.

முதலில் வரிசையைக் காலி செய்யுங்கள். பிரிண்டரை ஆன் செய்து, ஆன்லைனில் (அச்சிடத் தயார் நிலையில்) வைத்தபின் அடாப்டரைச் செருகுங்கள். பிரிண்டர் அணைந்திருந்தால் சில அடாப்டர்களில் போர்ட் தோன்றாது. யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேராகக் கணினியிலேயே செருகுங்கள். பிறகு 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'போர்ட்ஸ்' பக்கத்தில் யூஎஸ்பி001-ஐத் தேர்ந்தெடுங்கள். அதே பக்கத்தில் இருவழித் தொடர்புக்கான டிக்கை எடுத்துவிடுங்கள். மலிவான அடாப்டர்கள் பிரிண்டரின் பதிலைச் சரியாகத் திருப்பி அனுப்பாது, விண்டோஸ் 'ஆஃப்லைன்' என்று சாதிக்கும். வேறு யூஎஸ்பி துளைக்கு மாற்றினால் 001 என்பது 002 ஆகலாம், கவனம்.

அச்சு வந்தும் குப்பை எழுத்தாக இருந்தால் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) பொருந்தவில்லை. 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரில் சோதியுங்கள். எழுத்து சுத்தமாக வந்தால் கேபிளும் அடாப்டரும் நலம்.

டாஸ் கால மென்பொருளிலிருந்து அச்சிடுவதானால் இது போதாது. விண்டோஸில் பிரிண்டரை ஷேர் (பகிர்வு) செய்து, எல்பிடி1-க்குப் போகும் அச்சை அந்த ஷேருக்குத் திருப்பிவிட வேண்டும்.