முதலாண்டுப் பொது அறிவியல்: வகுப்புக்கு முன் எதைப் படிப்பது?

இயற்பியல், வேதியியல், உயிரியல், நிலவியல், வானியல் ஆகிய ஐந்தையும் ஒரே பாடமாகத் தொட்டுச் செல்லும் முதலாண்டுப் பொது அறிவியலில் சேரவிருப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு, இப்பாடத்தைப் பல ஆண்டுகள் கற்பித்த அனுபவத்தைக் கொண்டு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: வகுப்புத் தொடங்க எட்டு வாரங்கள் இருக்கின்றன. பாடநூலை இப்போதே வாங்கி, முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாகப் படித்து வரலாமா?

படிப்பதில் தவறில்லை, ஆனால் அதையே முழுத் தயாரிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அப்படித் தொடங்குவோரில் பலர் மூன்றாவது அத்தியாயத்திலேயே களைத்து நின்றுவிடுவதையும், படித்த இரண்டையும் வகுப்பு வருவதற்குள் மறந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். இப்பாடத்தில் ஒவ்வொரு துறைக்கும் கிடைப்பவை சில வாரங்களே. அதற்குள் ஆசிரியர் கருத்தை விளக்குவாரே தவிர, கணக்குப் போடும் முறையை அடியிலிருந்து சொல்லித்தர அவருக்கு நேரம் இராது. கணக்கில் தடுமாறுகிறவர் அந்தத் தடுமாற்றத்திலேயே கருத்தையும் தவறவிடுகிறார். எனவே அலகு மாற்றம், பத்தின் அடுக்குகள், மடக்கை (ஓர் எண்ணைப் பெறப் பத்தை எந்த அடுக்குக்கு உயர்த்த வேண்டும் என்பது), வரைபடம் வாசித்தல் ஆகிய நான்கையும் முதலில் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சூரியனிலிருந்து பூமி ஏறத்தாழ 1.5×10⁸ கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3×10⁵ கிலோமீட்டர் செல்கிறது. ஒளி நம்மை வந்தடைய எவ்வளவு நேரம் ஆகும்? கணிப்பான் இல்லாமல் 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி என்ற விடையை ஒரு நிமிடத்துக்குள் எட்டுகிறீர்களா என்று பாருங்கள். எட்ட முடியாவிட்டால், எங்கே தொடங்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: பள்ளியில் கலைப்பிரிவு எடுத்தவள் நான். நுண்கணிதம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

அறிவியலை முதன்மைப் பாடமாக எடுக்காதவர்களுக்கும் சேர்த்து வகுக்கப்பட்ட அறிமுகப் பாடமென்றால், பெரும்பாலும் முடியும். உங்கள் பாடத்திட்டத்தை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விகிதம், சதவீதம், ஒரு சமன்பாட்டை வேண்டிய பக்கத்துக்கு மாற்றி எழுதுதல், அடுக்குகள் ஆகியவை போதும். இவற்றோடு மடக்கையையும் விடாமல் படியுங்கள். பலர் இதைத் தேவையற்றதென்று ஒதுக்கிவிட்டுப் பிறகு மூன்று துறைகளில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு மடக்கை அளவு. பிஎச் 7 உள்ள நீரைவிட பிஎச் 4 உள்ள கரைசலில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு மூன்று மடங்கு அன்று, 1000 மடங்கு. நிலநடுக்க அளவும் அவ்வாறே: ஓர் எண் கூடினால் பதிவாகும் அதிர்வின் வீச்சு 10 மடங்காகிறது, வெளிப்படும் ஆற்றலோ ஏறத்தாழ 32 மடங்காகிறது. ஆகவே 5க்கும் 7க்கும் இடையே வீச்சில் 100 மடங்கும் ஆற்றலில் ஏறக்குறைய 1000 மடங்கும் வேறுபாடு உண்டு. விண்மீன்கள் எவ்வளவு ஒளியோடு தெரிகின்றன என்பதைக் குறிக்கும் பொலிவெண்ணில் 5 எண் வேறுபாடு 100 மடங்கு ஒளியைக் குறிக்கும். அங்கே எண் கூடக்கூட ஒளி குறையும் என்பது ஒரு கூடுதல் சங்கடம்.

கேள்வி: மில்லியன், பில்லியன் என்று வந்தாலே எனக்குக் குழப்பம். எப்படிப் பழகுவது?

கோடியிலும் லட்சத்திலும் எண்ணிப் பழகிய நம் எல்லோருக்கும் வரும் குழப்பம்தான் இது. 1 மில்லியன் 10 லட்சம்; 1 பில்லியன் 100 கோடி. பேரண்டத்தின் வயதான 13.8 பில்லியன் ஆண்டுகள் 1380 கோடி ஆண்டுகள். இரண்டையும் பத்தின் அடுக்காக எழுதிவிட்டால், 1.38×10¹⁰ என்று ஒரே உருவம் கிடைக்கும்.

பெரிய எண்ணை உணர்வதற்கு, அதை ஓராண்டுக்குள் சுருக்கிப் பாருங்கள். பூமியின் வயதான 454 கோடி ஆண்டுகளை ஒரே நாட்காட்டியாகக் கொண்டால், ஒரு நாள் ஏறத்தாழ 1.24 கோடி ஆண்டுகளுக்குச் சமம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும் டைனோசர்கள் அழிந்தது டிசம்பர் 26 அன்று விழும். சுமார் 3 லட்சம் ஆண்டு வரலாறுள்ள நம் மனித இனத்துக்குக் கிடைப்பது கடைசி நாளின் கடைசி 35 நிமிடமே. இக்கணக்கை நீங்களே ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள்; நான் சொல்லிக் கேட்பதால் அது மனத்தில் நிற்காது.

கேள்வி: உயிரியல் எனக்குப் பிடிக்கும், இயற்பியல் என்றால் அச்சம். ஐந்து துறைகளையும் தனித்தனியே படித்தால் போதாதா?

தேர்வுக்குப் போதலாம். ஆனால் உங்களுக்குப் பிடித்த உயிரியலே இயற்பியலும் வேதியியலும் இன்றி நகராது என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மோன்ட் என்பவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணை எடைபோட்டு, அதில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரத்தின் எடை சுமார் 164 பவுண்டு கூடியிருந்தது. மண்ணின் எடை ஏறத்தாழ 2 அவுன்ஸ் மட்டுமே குறைந்திருந்தது. மரம் மண்ணைத் தின்று வளரவில்லை என்று அவர் கண்டது சரி. அது முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று முடிவு செய்ததுதான் பிழை. மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது. வாயுவைக் குறிக்கும் ‘கேஸ்’ என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான் என்பது இதில் எனக்கு எப்போதும் வியப்பு.

இந்த ஒரு மரத்தை வைத்துக்கொண்டு கேள்விகளைத் தொடருங்கள். ஒளியாற்றல் வேதியாற்றலாக மாறுவது எவ்வாறு? அந்தக் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகள் புதையுண்டால் என்ன ஆகும்? அந்த ஒளி சூரியனுக்குள் எப்படிப் பிறந்தது? ஐந்து துறைகளும் ஆற்றல் என்ற ஒரே இழையில் வந்து சேரும். இயற்பியலை இந்த வழியில் அணுகினால், அச்சம் பாதியாவது குறையும் என்று நம்புகிறேன்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் படிக்க வருகிறேன். மூன்று முறை வாசித்தும் மனத்தில் நிற்பதில்லை. வயதுதான் காரணமா?

வயதைக் குறை சொல்வதற்கு முன், வாசிக்கும் முறையை மாற்றிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி ஆகிய இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, வாசித்த பின் நூலைப் பாராமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நீங்கள் ஒருமுறை வாசித்து, நூலை மூடி, வெற்றுத்தாளில் எழுதி, விடுபட்டதை மட்டும் திறந்து பாருங்கள். அது வாசிப்பதைவிடக் கடினமாகத்தான் இருக்கும். காணொளிப் பாடங்களுக்கும் இதுவே பொருந்தும்: பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோலத் தோன்றும்.

கேள்வி: விடை சரியாக இருந்தும், அலகு எழுதவில்லை என்று மதிப்பெண் குறைப்பது நியாயமா?

நியாயம்தான். 1999இல் செவ்வாயை அடைந்த நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் அலகுக் குழப்பத்தால்தான் அழிந்தது. ஒரு தரப்பின் மென்பொருள் பவுண்டு-விசை நொடி என்ற பிரிட்டிஷ் முறை அலகில் தந்த எண்ணை, மறுதரப்பு நியூட்டன் நொடி என்ற மெட்ரிக் அலகில் உள்ளதாக எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4.45 மடங்கு வேறுபாடு. இறுதி விடையில் மட்டுமன்றி, கணக்கின் ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்கள். வேகம் கேட்ட இடத்தில் கிலோகிராம் வந்து நின்றால், எந்த வரியில் வழி தவறியது என்பதை அதுவே காட்டிவிடும்.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு வாரம்தான் இருக்கிறது. எதை விட்டுவிடலாம்?

பாடநூலை விட்டுவிடுங்கள். அடுக்குகளுக்கும் மடக்கைக்கும் மூன்று நாள், அலகு மாற்றத்துக்கு இரண்டு நாள், வரைபடத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். வரைபடத்தில் கோட்டைப் பார்ப்பதற்கு முன் இரு அச்சுகளிலும் எழுதியிருப்பதை வாசிக்கும் பழக்கம் வந்தாலே போதும். ஏழாம் நாள் பாடத்திட்டத்தை முழுவதும் வாசித்து, ஆய்வக வகுப்பு எந்த வாரம் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.