மாடிஃபை செய்த காரை அதன் உண்மையான மதிப்புக்கு இன்சூர் செய்ய முடியுமா?

கேள்வி: கடலூரில் இருக்கிறேன். 2018 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். சஸ்பென்ஷன், அலாய், சீட், ஆடியோ, ரீமேப் (எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவது) என்று இதுவரை நாலு லட்சம் செலவாகிவிட்டது. ரின்யூவலில் ஐடிவி, அதாவது கார் முழுதாகப் போனால் இன்சூரன்ஸில் கிடைக்கும் உச்சத் தொகை, 3.1 லட்சம்தான் காட்டுகிறது. உண்மையான மதிப்புக்கு இன்சூர் செய்ய வழி உண்டா? மாடிஃபிகேஷன் எதையும் சொல்ல வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். அவர் சொல்வது சரியா?

பதில்: ஏஜென்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்குப் புதுச்சேரி. 2016-ல் ஃபியட் அபார்த் புன்டோ வாங்கினேன். 1368 சிசி டர்போ எஞ்சின், 145 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் பத்து லட்சத்துக்குள் அப்படி ஒரு கார் வேறு கிடையாது. எட்டு வருடத்தில் காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), முன் பிரேக், பக்கெட் சீட், அலாய், ஆம்ப்ளிஃபயர், எக்ஸாஸ்ட், ரீமேப் என்று ஐந்து லட்சத்துக்கு மேல் போட்டேன். ஒவ்வொரு வருடமும் ரின்யூவல் சமயத்தில் ஏஜென்ட் போன் செய்வார். "அண்ணே, பழைய வண்டிதானே, ஐடிவிய கொஞ்சம் கொறச்சிடறேன், பிரீமியம் ரெண்டாயிரம் மிச்சம்ணே" என்பார். சரி என்பேன். 2024-ல் என் ஐடிவி 2.6 லட்சத்தில் வந்து நின்றது. போட்ட சாமான் ஒன்றுகூட பாலிசியில் இல்லை.

அந்த நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் வந்தது. கரையைக் கடந்த பிறகும் நகராமல் எங்கள் ஊர் மேலேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை. ரெயின்போ நகரில் இருப்பவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் போர்ட்டிகோ கதவைத் திறந்தபோது காரின் சீட் மெத்தை வரை தண்ணீர். சாவியை நான் தொடவே இல்லை. அன்று நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் ஏறினால், அதை வெள்ளத்தின் நேரடிச் சேதமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் வாங்கியிருக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் அதை விடவே கூடாது. ஃபெஞ்சலுக்கு அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள் வந்ததைக் கடலூர்க்காரரான நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாம் நாள் வண்டியை இழுத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். இன்சூரன்ஸ் சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பொறுமையான மனிதர். கதவின் உள்பக்க அட்டையில் டார்ச் அடித்து, சேற்றுக்கோடு எங்கே நிற்கிறது என்று டேப் வைத்து அளந்தார். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லி விரலால் தடவினார். காய்ந்திருந்தது. "ஸ்டார்ட் பண்ணலையே? நல்லது தம்பி" என்றார். அப்புறம் சீட்டைத் தட்டிப் பார்த்தார்.

"இது கம்பெனி சீட் இல்லையே. பில் இருக்கா?"

வாங்கிய கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலையைக் காட்டினேன். ஜிஎஸ்டி எண் இல்லை, தேதி இல்லை, என் பெயரும் இல்லை.

"பாலிசில ஏத்தியிருக்கீங்களா?"

"இல்ல சார்."

அவர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். ஆம்ப்ளிஃபயர், அலாய், பிரேக், எல்லாவற்றுக்கும் இதே இரண்டு கேள்வி, இதே கோடு.

ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் 2.4 லட்சம். வயரிங், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), கார்பெட், சென்சார்கள். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி செய்யக்கூடிய வண்டி. ஆனால் ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டியை டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்யாமல் ஐடிவியைக் கொடுத்து முடித்துவிடும் கணக்கில் வைத்துவிடுவார்கள். 2.6 லட்சத்தில் 75 சதவீதம் என்றால் 1.95 லட்சம். முடிந்தது கதை. என் ஐடிவி 4 லட்சமாக இருந்திருந்தால் வரம்பு 3 லட்சம், அதே வண்டியை ரிப்பேர் கிளெய்மில் சரி செய்து ஓட்டி வந்திருப்பேன். ஐடிவியைக் குறைத்தால் கிளெய்மில் வரும் பணம்தான் குறையும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காரே கையை விட்டுப் போகும் என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை. வருடத்துக்கு இரண்டாயிரம் மிச்சம் பிடித்ததற்கு இதுதான் விலை.

என்னால் அந்தக் காரை விட முடியவில்லை. உடைசலாக அதற்கு வந்த விலை 90,000. அதைக் கழித்துக்கொண்டு வண்டியை நாமே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2,60,000-த்தில், கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000, உடைசல் 90,000 போக 1,69,000 வந்தது. கிளெய்ம் செய்யாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் ஐம்பது சதவீதமாக இருந்தது, அதுவும் பூஜ்யமானது. மீதியைக் கைக்காசு போட்டு எட்டு மாதத்தில் வண்டியை எழுப்பினோம். ஃபியட் நம் நாட்டில் கார் விற்பதையே நிறுத்திவிட்டதால் ஒவ்வொரு ஸ்பேருக்கும் ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது.

இனி உங்கள் கேள்விக்கு. நீங்கள் தேடும் உண்மையான மதிப்புக்கு வெளிநாடுகளில் தனிப் பாலிசி உண்டு. காரைப் பார்த்து, இவ்வளவு என்று இரு தரப்பும் முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதிக்கொள்வார்கள். இங்கே அந்த ஏற்பாடு 1940 முடிவதற்குள் தயாரித்து, சான்று பெற்ற விண்டேஜ் கார்களுக்குத்தான். நமக்கெல்லாம் ஐடிவி. கம்பெனி அறிவித்த விற்பனை விலையில் வயதுக்கு ஏற்பத் தேய்மானம் கழிப்பார்கள். ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்தில் தொடங்கி, நாலு முதல் ஐந்து வயதுக்குள் 50 சதவீதம் வரை போகும். நீங்கள் கட்டிய சாலை வரி, ரிஜிஸ்ட்ரேஷன் இதில் சேராது. புது வண்டி என்றால் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கவர் வாங்கிய விலைக்கும் ஐடிவிக்கும் உள்ள இந்த இடைவெளியை நிரப்பும், ஆனால் அது பெரும்பாலும் முதல் மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். உங்களுக்கும் எனக்கும் உதவாது.

இங்கேதான் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஐந்து வயது தாண்டிய வண்டிக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கும் அந்தப் பட்டியல் பொருந்தாது. இன்சூரன்ஸ் நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான் ஐடிவி. உங்கள் போலோ இரண்டிலும் வருகிறது. இணையத்தில் ரின்யூவல் செய்யும்போது காட்டும் 3.1 லட்சம் கணினி போட்ட கணக்கு. அதை மேலே கீழே தள்ள ஒரு சின்ன இடைவெளிதான் கொடுப்பார்கள். அதை விட்டுவிட்டு கிளை அலுவலகத்துக்கே போய், பாலிசியின் தொகையை முடிவு செய்யும் அண்டர்ரைட்டரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். வண்டியை எழுப்பிய பிறகு நான் போகும்போது, என் மாடலே, என் வருடமே விற்பனைக்கு இருந்த கார்களின் விலை, உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் பணம் கட்டி வாங்கிய மதிப்பீடு, சேசிஸ் எண் தெரியும்படி எடுத்த படங்கள், இவ்வளவையும் கொண்டுபோனேன். நான் கேட்டது ஆறு லட்சம். அவர்கள் ஒப்புக்கொண்டது 4.8 லட்சம். இரண்டு வாரம் பிடித்தது, மூன்று முறை நடந்தேன். பேசியதை எல்லாம் மின்னஞ்சலிலும் அனுப்பி வைத்தேன்.

போட்ட சாமான்கள் தனிக் கணக்கு. ஆடியோ, ஆம்ப்ளிஃபயர், விளக்கு போன்ற மின் சாமான்களை விலையோடு பாலிசியில் ஏற்றலாம். அந்த விலையில் வழக்கமாக 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். என்னுடையது 65,000 ரூபாய்க்கு, ஆக 2,600. அலாய், சீட் போன்றவற்றை மின்சாரம் சாராத சாமான் என்று தனி வரியில் எழுதுவார்கள். இரண்டுக்கும் உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பில் வேண்டும். பில் இல்லாத பழைய சாமானுக்கு நான் கடைக்காரர்களிடமே மறுபடி போய் நின்றேன். பாதிப் பேர் கொடுத்தார்கள், மீதியை மதிப்பீட்டில் சேர்த்தேன். பாலிசி கைக்கு வந்ததும் முதல் பக்க அட்டவணையைப் பாருங்கள். வண்டியின் மதிப்பு, மின் சாமான், மற்ற சாமான் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். அங்கே பூஜ்யம் இருந்தால் நீங்கள் வாயால் சொன்னது எதுவும் ஏறவில்லை என்று அர்த்தம்.

ஐடிவியை உயர்த்தியதற்கு எனக்குக் கூடுதலாக வந்த பிரீமியம் நாலாயிரத்துக்கும் குறைவு. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கான பங்கு உங்கள் வண்டிக்கும் என் வண்டிக்கும் 3,416 ரூபாய்தான். காரின் மதிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அது ரிப்பேரில் மாற்றும் பாகங்களுக்கு மட்டும். டோட்டல் லாஸ் ஆனால் ஐடிவிக்கு மேல் ஒரு பைசா வராது.

ரீமேப், எக்ஸாஸ்ட் விஷயத்தில் கசப்பான பதில்தான் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். எனவே இவற்றுக்கு எந்த நிறுவனமும் மதிப்புப் போடாது. அதைவிட ஆபத்து, விபத்தில் யாருக்காவது அடிபட்டால் நீங்கள் மறைத்தது வெளியே வரும். அப்போது உங்கள் கிளெய்மை நிராகரிக்க அவர்களுக்கு அதுவே காரணம் ஆகும். நான் பழைய சைலன்சரைத் திரும்ப மாட்டினேன், மேப்பையும் கம்பெனி மேப்புக்கே மாற்றினேன். மனசு கேட்கவில்லை, ஆனால் செய்தேன். நிறத்தை மாற்றியிருந்தால் ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷனைப் பற்றி எழுத்தில் கேளுங்கள். என்னுடையதை உயரம் குறைக்காமல் வைத்திருப்பதால் குறிப்பிட்டு ஏற்றுக்கொண்டார்கள், மதிப்பில் சேர்க்கவில்லை.

ஒப்புக்கொண்ட தொகையைக் கிளெய்ம் நேரத்தில் குறைக்கப் பார்த்தால் பயப்படாதீர்கள். அட்டவணையில் எழுதிய ஐடிவிதான் அந்த வருடம் முழுவதும் சந்தை மதிப்பு, டோட்டல் லாஸில் அதற்கு மேல் தேய்மானம் கழிக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஐடிவியை ஏற்று பிரீமியம் வாங்கிக்கொண்டு, விபத்துக்குப் பிறகு வண்டி அவ்வளவு பெறாது என்று பின்வாங்க முடியாது என 2008-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள, இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாடும் புதுச்சேரியும் அவர் எல்லைக்குள் வருகின்றன. 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பாலிசி முடியும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே கிளைக்குப் போய்விடுங்கள். கடைசி நாளில் போனால் இந்தப் பேச்சுக்கெல்லாம் நேரம் இருக்காது, கணினி காட்டும் தொகையில் கையெழுத்துப் போட வைத்துவிடுவார்கள். போகும் அன்று காரையும் ஓட்டிக்கொண்டு போங்கள். என் சீட்டை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அந்த அதிகாரி அதற்கு நான் சொன்ன விலையை எழுதினார்.