டிரெடில் கருப்பாகவே இருக்கட்டும்

அன்புள்ள சார்,

என் மாமாவின் அச்சகத்தில் காலால் மிதித்து ஓட்டும் பழைய டிரெடில் அச்சு மிஷின் ஒன்று இருக்கிறது. ஓடி ஏழெட்டு வருஷமாகிறது. அடுத்த மாதம் கடையைக் காலி செய்கிறார், மிஷினை எடைக்குப் போடப்போகிறார்கள். அதற்குள் நாலு நல்ல படம் எடுத்துவைக்கலாம் என்று போனேன். நேரில் நல்ல கருப்பு, படத்தில் சாம்பல் பூத்த மாதிரி வருகிறது. சக்கரத்தின் விளிம்பு வெள்ளையாக எரிந்துவிடுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விழும் வெளிச்சத்தின் அளவைக் குறைத்தால் அடியில் மிதி இருக்கும் இடமே தெரியவில்லை. கேமராவை ஆட்டோ மோடில் வைத்துத்தான் எடுத்தேன். என்ன செய்யலாம்?

கே., விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு மாதம் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். எடுத்த படங்களை அழித்துவிடாதீர்கள், இன்னொரு முறை போங்கள்.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு, முன்னால் நிற்பது மிஷினா, சுவரா, கல்யாணப் பெண்ணா என்பது தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். கருப்பு பெயிண்ட் திருப்பி அனுப்புவது நாலைந்து சதவீதம். அதை 18க்கு ஏற்றிவைக்கப் பார்க்கிறது, ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் கூடிப்போகிறது (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, குறைந்தால் பாதி). நீங்கள் பார்த்த சாம்பல் அதுதான். கருப்பு சாம்பலாகும் அதே கணக்கில், ஏற்கெனவே பளபளவென்றிருக்கும் சக்கர விளிம்பு எரிந்துபோகிறது.

அதனால் ஆட்டோவை விட்டுவிடுங்கள். அளவுகளை நீங்களே வைக்கும் மேனுவல் மோட், ஒரு சின்னப் புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங். மிஷினின் உடம்பில் நேரடி மினுமினுப்பு இல்லாத கருப்புப் பகுதி ஒன்றைப் பார்த்து அளவெடுத்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்துவையுங்கள். புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, கருப்பிலிருந்து வெள்ளை வரை படிகளாகப் பிரிக்கும் ஸோன் முறையில் இதை மூன்றாம் ஸோன் என்பார்கள்: கருப்புதான், ஆனால் வார்ப்பிரும்பின் சொரசொரப்பு தெரிகிற கருப்பு. அப்புறம் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம் அது. வலது ஓரத்தில் முட்டி நின்றால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். கட்டாயம் ரா (RAW) ஃபார்மட்டில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலாக எடுங்கள். இருளில் புதைந்ததைப் பின்னால் ஓரளவு தூக்கிவிடலாம், எரிந்துபோன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேமராவின் பின்திரையை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். பல வருஷம் முன்பு இருட்டான ஓர் அச்சுக்கூடத்தில் நான் செய்த தவறு அது. அந்த இருட்டில் திரை பிரகாசமாகத் தெரிந்தது, எல்லாம் சரியாக வந்திருக்கிறது என்று நினைத்தேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால் படங்கள் முழுக்க இருட்டு. அடுத்த வாரமே திரும்பிப் போனேன். மிஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு போல்ட் ஓட்டைகள்தான் இருந்தன. அன்றைக்கு வந்த வருத்தம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, அடியில் இருக்கும் மிதி. அது எக்ஸ்போஷரால் தீரும் விஷயம் இல்லை, அங்கே வெளிச்சமே போவதில்லை. ஒரு தெர்மகோல் ஷீட்டைத் தரையில் சாய்த்து, வாசல் வெளிச்சம் அதில் பட்டு மிதியின் மேல் விழுகிற மாதிரி வையுங்கள். மாமாவின் வெள்ளை வேட்டியே போதும். வாசலைப் பார்த்துக்கொண்டு எடுக்காதீர்கள், வாசல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப் 8, ஷட்டர் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு. மிஷின் எங்கும் ஓடிவிடாது.

சக்கர விளிம்புக்கும் இதே வேட்டிதான் வைத்தியம். தேய்ந்து பளபளத்த இரும்பு ஒரு கண்ணாடி. அதற்கென்று தனி நிறம் கிடையாது, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். எதிரில் ட்யூப்லைட் இருந்தால் வெள்ளைக் கோடாக எரியும், அகலமான வெள்ளைத் துணி இருந்தால் மெதுவாகப் படர்ந்த ஒளியாக வரும். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். போலரைசர் ஃபில்டர் பெயிண்டிலும் எண்ணெய்ப் பசையிலும் உள்ள பளபளப்பைக் குறைக்கும், வெற்று இரும்பில் அதிகம் ஒன்றும் செய்யாது.

இன்னொன்று, உங்கள் படத்தில் இருக்கும் சாம்பலில் பாதி நிஜமான தூசியாகவும் இருக்கலாம். தூசி ஒளியைச் சிதறடிக்கும், என்ன எக்ஸ்போஷர் வைத்தாலும் கருப்பு வெளுத்துத்தான் தெரியும். முதலில் இருக்கிறபடியே ஒரு சுற்று எடுத்துவிடுங்கள், அதுவும் அந்த மிஷினின் கதைதான். அப்புறம் ஒரு துணியில் கொஞ்சம் மிஷின் ஆயில் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள்.

மேலே இருக்கும் வட்டமான மைத்தட்டைக் கிட்டப்போய் எடுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், அப்போதுதான் உருளைகளுக்கு மை சீராகப் பரவும். பழைய மை காய்ந்து அதில் வளையம் வளையமாக நிற்கும். நான் மிகவும் கேட்பது இடது பக்கக் கைப்பிடியை. தாள் கோணலாக விழுந்தால் அழுத்தத்தை விலக்கிவிடுவதற்கு மாமாவின் இடது கை எத்தனையோ வருஷம் பிடித்த இடம். சுற்றியெல்லாம் கருப்பாக இருக்கையில் அங்கே மட்டும் பெயிண்ட் போய் வெள்ளி மாதிரி மின்னும். ஆட்டோ அந்த மினுமினுப்பைத்தான் முதலில் எரித்துத் தள்ளும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் கைப்பிடியை வைத்தே அளவெடுங்கள், மீட்டர் சொல்வதற்கு ஒன்றரை ஸ்டாப் மேலே வையுங்கள், மற்றதெல்லாம் இருளுக்குப் போனால் போகட்டும்.

கடைசியாக, எண்ணெய் விட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, ஓடுகிற நிலையில் இருந்தால் மாமாவை ஒரு தடவை மிதிக்கச் சொல்லுங்கள். ட்யூப்லைட் போட்டிருந்தால் ஷட்டர் 1/100 அல்லது 1/50 அல்லது 1/25. நம் ஊர் கரண்டில் பழைய ட்யூப்லைட் நொடிக்கு 100 தடவை துடிக்கும், இந்த வேகங்கள் அதோடு ஒத்துப்போகும், படத்தில் பட்டை விழாது. 1/25இல் சக்கரத்தின் ஆரங்கள் கலங்கி, மாமாவின் முகம் தெளிவாக நிற்கும். உருளைகள் மைத்தட்டின் மேல் ஏறும்போது கேமராவின் பட்டனை அழுத்துங்கள். அந்தப் படத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.