வீடும் ஊரும் எதிர்க்கும்போது கிறிஸ்தவ விசுவாசத்தில் எப்படி நிலைத்திருப்பது?

கேள்வி: ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. இப்போது வேலையும் போய்விட்டது. ஜெபித்தும் எதுவும் மாறவில்லை. எப்படித் தாக்குப்பிடிப்பது? அடுத்த மாதம் தம்பி கல்யாணம், கோயிலில் வைத்துத்தான் நடக்கிறது. போகலாமா, வேண்டாமா?

பதில்:

நான் தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்துக்காரன், வேலை காரைக்குடியில். கல்யாணத்துக்குப் பிறகு நானும் என் மனைவியும் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றோம். எங்கள் பங்காளிகளில் வேறு யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. அதனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கஷ்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். எதிர்ப்பைவிட அதுதான் ஆளை உள்ளுக்குள் உடைக்கிறது. என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்கியபோது, "குலதெய்வத்த விட்டீங்கள்ல, சாமி குத்தம்" என்றார்கள் ஊரில். அப்பத்தா அழுதுகொண்டே சொன்னது அது. பாசத்தில் வந்த வார்த்தை என்பதால் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது, ஜெபிக்க வந்த ஒருவர் சொன்னது: "உங்க விசுவாசத்துல எங்கயோ குறை இருக்கு, தம்பி."

யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் போட்டதும் ஒரே கணக்கு. நோய் வந்தால் யாரோ தப்பு செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான். யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் சீடர்கள் கேட்பதும் அதையேதான். இவன் பார்வையில்லாமல் பிறந்தது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா? இருவரும் இல்லை என்கிறார் இயேசு. டயாலிசிஸ் அறைக்கு வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். உங்கள் வேலை போனதற்கும் உங்கள் விசுவாசத்தின் அளவுக்கும் முடிச்சுப் போடுகிறவர் யாராக இருந்தாலும், அவர் பைபிளைக் கையில் வைத்திருந்தாலும், அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள்.

அப்புறம் ஜெபம். எதுவும் மாறவில்லை என்று கடவுளிடமே சொல்லுங்கள். நன்றி சொல்லித்தான் ஜெபிக்க வேண்டும் என்று யாரோ நமக்குப் பழக்கிவிட்டார்கள். பைபிளின் திருப்பாடல்களில் புலம்பல்கள் ஏராளம். 13-ஆவது, "எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர்?" என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. 88-ஆவது ஆறுதல் சொல்லாமல் இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் எடுக்காமல் வேதத்தில் வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பெரிய ஆறுதல். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு அடியில் படுத்து, போதும் ஆண்டவரே, உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். வந்த தூதர் புத்தி சொல்லவில்லை. சாப்பிடச் சொன்னார், தூங்கவிட்டார், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? வேலை போன ஆண்கள் முதலில் விடுவது அதைத்தான்.

சரி, எதிர்ப்புக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து திருவாடானை வழியாகப் போனால் ஓரியூர். அருளானந்தர் என்று நாம் சொல்கிற ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டப்பட்ட இடம். 1647-ல் லிஸ்பனில் பிறந்து, போர்த்துகல் அரண்மனையில் இளவரசனோடு வளர்ந்தவர். இங்கே வந்து காவி உடுத்தி, மாமிசம் தவிர்த்து, ஊர் ஊராக நடந்தவர். 1686-ல் அவரோடு சேர்ந்து மறைக்கல்வி கற்பித்த உபதேசியார்களோடு சேர்த்து அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி விடுதலை செய்து, மறவர் சீமையில் இனிப் போதிக்கக் கூடாது என்று அனுப்பிவைத்தார். அடுத்து ஐரோப்பாவுக்குப் பயணம். பழைய தோழன் அங்கே அரசனாகியிருந்தார், இங்கேயே இருந்துவிடு என்றும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் கப்பல் ஏறித் திரும்பி வந்தார். வெட்டுப்பட்ட நாளைவிட அந்தக் கப்பல் ஏறிய நாள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அடி எப்படி வலிக்கும் என்று நன்றாகத் தெரிந்த பிறகு எடுத்த முடிவு அது.

ஆனால் அதே வரலாற்றில் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு பெண் இருக்கிறாள். மறவர் சீமை இளவரசர் தடியத்தேவன் ஞானஸ்நானம் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். அப்படி விலக்கப்பட்ட இளைய மனைவி கடலை, சேதுபதிக்கு உறவு. அவள் போய் முறையிட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. கதை சொல்கிறவர்கள் அவளை வில்லியாக்கிவிடுவார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அவள் வாழ்க்கை அவளைக் கேட்காமலே ஒரே நாளில் மாறிப்போனது. ஒருவர் விசுவாசத்துக்காக எடுக்கிற முடிவின் பாரம் அதே வீட்டில் இன்னொருவர் தலையிலும் இறங்குகிறது. நிலைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

உங்கள் அப்பாவை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நான் சொன்ன யோவான் 9-லேயே, பார்வை பெற்றவனின் அப்பா அம்மா ஊருக்குப் பயந்து, "அவனுக்கு வயசு இருக்கிறது, அவனையே கேளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். நம் பக்கத்து அப்பாக்களின் பயம் இன்னும் ஆழம். நல்லது கெட்டதுக்குப் பங்காளிகள் வருவார்களா, பொண்ணு கேட்டுப் போனால் கொடுப்பார்களா, கடைசியில் தனக்குக் கொள்ளி யார் வைப்பது? வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பேசாமல் இருந்துவிடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். நான் எங்கே போனாலும் உங்கள் பிள்ளைதான், கடைசிவரை நான்தான் பார்ப்பேன் என்று நேரில் போய்ச் சொன்ன பிறகும் உடனே பேசிவிடவில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டார். கொள்ளி வைப்பது போன்ற சடங்குகளில் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதைப் பங்குச்சாமியாரிடம் இப்போதே கேட்டுத் தெளிவாகிவிடுங்கள். துக்க வீட்டில் நின்றுகொண்டு அதைப் பேச முடியாது.

எதிர்ப்பு எதற்காக வருகிறது என்றும் பார்க்க வேண்டும். கொலைகாரனாகவோ திருடனாகவோ பிறர் காரியத்தில் தலையிடுகிறவனாகவோ பாடுபடாதீர்கள், கிறிஸ்தவனாகப் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று பேதுரு எழுதுகிறார். வீட்டார் கும்பிடும் சாமியைப் பேய் என்று சொல்லிவிட்டு அடி வாங்கினால் அதற்குப் பெயர் விசுவாசத்துக்காகப் பட்ட பாடு இல்லை. எங்கள் ஊரில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. பூசைச் செலவுக்கு என்னால் கொடுக்க முடியாது என்று பெரியவர்களிடம் மரியாதையாகச் சொல்லி, அதே தொகையை ஊருணி தூர்வாரக் கொடுக்கிறேன். சிலருக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

மிரட்டலோ கைகலப்போ வந்தால் அது வேறு விஷயம். அங்கே பொறுத்துப்போக வேண்டியதில்லை. மதச் சுதந்திரம் தருகிற அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு உங்களுக்கும் சேர்த்துத்தான், போலீசில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் பட்டியல் சாதியில் பிறந்தவர் என்றால் இன்னொரு விஷயம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவீர்கள். இது அநியாயம் என்பதுதான் என் கருத்து. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது எந்தச் சான்றிதழ் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பொய்யாக எழுதினால் நாளைக்கு அதுவே உங்கள் கழுத்தைப் பிடிக்கும்.

தனியாக மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறேன் என்றால் என் மனவலிமையால் இல்லை. டயாலிசிஸ் நாட்களில் எங்கள் அன்பியத்துப் பெண்கள் (அன்பியம் என்றால் பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற சிறு குழு) முறை வைத்துச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். நான் ஜெபமாலையைத் தொடவே பிடிக்காமல் கிடந்தபோது எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அவர்கள் சொன்னார்கள், நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். உங்கள் பங்கில் அன்பியம் இருந்தால் வேலை போனதை அங்கே சொல்லுங்கள். மறைத்தால் யாரும் உதவ முடியாது. ஆறுதல் நாம் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்தும் வரும். ஓரியூருக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு வருவார்கள். ஒரு தடவை என் அப்பத்தாவும் எங்களோடு வந்தது. சாமி குத்தம் என்று சொன்ன அதே அப்பத்தாதான் அங்கே செம்மண்ணை எடுத்து என் மனைவி நெற்றியில் பூசிவிட்டது.

தம்பி கல்யாணத்துக்குக் கட்டாயம் போங்கள். முதல் நாளே போய்விடுங்கள். கோயிலுக்குள் பூசையில் நின்று செய்ய வேண்டிய முறை ஏதாவது உங்கள் தலையில் விழுமா என்று அம்மாவிடம் முன்பே கேளுங்கள். விழும் என்றால் அதைச் சித்தப்பாவோ மாமாவோ செய்யட்டும் என்று தம்பியிடம் தனியாகப் பேசி முடித்துவிடுங்கள், முகூர்த்த நேரத்தில் யாரும் முகம் சுளிக்கும்படி ஆகக் கூடாது. மொய், பந்தி, வருகிறவர்களைக் கவனிப்பது, பந்தல்காரருக்குப் பணம் கொடுப்பது என்று கல்யாண வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கும். அப்பா பேசாவிட்டாலும் பரவாயில்லை, அவர் கண்ணில் படுகிற மாதிரி ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.