ருமேனியா பெர்மிட்டில் ஜேர்மனியில் வேலை செய்யலாமா?

தலவாக்கலையிலிருந்து ருமேனியாவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஐரோப்பா முழுக்க ஒரே நாடு மாதிரித்தானே, சட்டமெல்லாம் ஐரோப்பிய ஒன்றியம் பிரசல்ஸில் இருந்துதானே போடுகிறது? அப்படியென்றால் இந்த பெர்மிட்டோடு ஜேர்மனிக்கு வந்து வேலை செய்யலாமா? ஏஜென்சிக்காரர் முடியும் என்கிறார்."

முடியாது தம்பி. 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா முழுமையாக ஷெங்கனுக்குள், அதாவது எல்லைச் சோதனையின்றிப் போய்வரும் நாடுகளின் வட்டத்துக்குள், வந்துவிட்டது. அதனால் உங்கள் வதிவிட அட்டையை வைத்து 180 நாட்களுக்குள் 90 நாட்கள் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போய் வரலாம். போய் வரத்தான். அங்கே ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினாலும் அது சட்டவிரோத வேலை. ஜேர்மனியில் வாழும் நான் இப்போது லீவுக்கு ஹட்டன் வந்திருக்கிறேன். டவுனில் யாரைப் பார்த்தாலும் ருமேனியா பேச்சுதான், அதில் பாதி இந்த ஏஜென்சிக் கதை.

ஒன்றியத்தின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: வெளியிலிருந்து வேலை தேடி வருகிறவர்களில் எத்தனை பேரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் முடிவு. ருமேனிய அரசு வருடா வருடம் ஓர் எண்ணிக்கை வைக்கும். 2023இலும் 2024இலும் அது ஒரு லட்சம். நீங்கள் அந்தக் கணக்கில் வந்தவர், ஜேர்மனியின் கணக்கில் வந்தவர் அல்ல.

ஆனால் உங்களுக்கு அந்த வேலை கிடைத்ததற்கு மூலகாரணம் ஒன்றியம்தான். 2007இல் ருமேனியா சேர்ந்தது. 2014 தொடக்கத்தில் ஜேர்மனி, பிரித்தானியா போன்ற நாடுகள் வைத்திருந்த கடைசித் தடைகளும் நீங்கின. மேசன், தாதி, முதியோர் பராமரிப்பாளர் என்று லட்சக்கணக்கானோர் மேற்கே போய்விட்டார்கள். கட்டுமான இடங்களில் ஆளில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் இலங்கை, நேபாளம் என்று தேடி வந்தார்கள். பிரசல்ஸ் அப்படி உத்தரவு போடவில்லை, ஆனால் அது திறந்த கதவால் வந்த நிலைமை. அதே கதவு பிரித்தானியாவில் வேறு அரசியலைக் கிளப்பியது. கிழக்கிலிருந்து வந்தவர்களைக் காட்டியே பிரசாரம் நடந்து, 2016 வாக்கெடுப்பில் ஏறத்தாழ 52 சதவீதம் பேர் பிரித்தானியா ஒன்றியத்திலிருந்து வெளியேற வேண்டும் என்றார்கள்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள், கடைகளில் விலை ஏறியிருக்கிறது. 2025 ஓகஸ்ட்டில் ருமேனியா பெறுமதிசேர் வரியை 19இலிருந்து 21 சதவீதமாக்கியது. அரசின் வரவுசெலவுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஒன்றியத்தின் விதி, 2024இல் ருமேனியாவில் அது 9 சதவீதத்துக்கும் மேல். குறைத்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி பிரசல்ஸிலிருந்து வந்தது உண்மை. எந்த வரியைக் கூட்டுவது, யார் சலுகையை வெட்டுவது என்பதை முடிவு செய்தது புக்கரெஸ்ட்டில் இருக்கும் ருமேனிய அரசு. தோட்டத்தில் சம்பளம் கேட்டால் துரை "கொழும்பு ஒபிஸ் உத்தரவு" என்று கையை விரிப்பாரே, அந்த வித்தையை ருமேனியாவிலும் பார்ப்பீர்கள். கசப்பானதெல்லாம் பிரசல்ஸ் செய்தது, புதுப் பாலம் வந்தால் மட்டும் உள்ளூர் அமைச்சர் கட்டியது. பாலத்துக்குப் பணம் ஒன்றியத்திலிருந்து வந்திருக்கும், பலகையில் ஓரமாக நீலக்கொடியும் இருக்கும்.

அரசியல் நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். ஜேர்மனியில் வரி கட்டிக்கொண்டு பல வருடம் இருந்தும், பிரஜையாகும் வரை எனக்கு நகரசபைத் தேர்தலில்கூட ஓட்டு இல்லை. குடிவந்து சில மாதமான போலந்துக்காரருக்கு உண்டு. வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை கொடுக்க இரண்டு மாநிலங்கள் சட்டம் போட்டபோது அரசியலமைப்பு நீதிமன்றம் 1990இல் ரத்துச் செய்தது. ஒன்றியப் பிரஜாவுரிமையை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் வந்ததும் 1992இல் அரசியலமைப்பையே திருத்தி ஒன்றியப் பிரஜைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். 1948இல் இலங்கையில் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோன கதையைக் கேட்டு லயத்தில் வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் கூடவே உறைத்தது. தாராளம் எங்கே நிற்கும் என்பதையும் தேசிய அரசுகள்தான் கோடு போடுகின்றன. அயர்லாந்தில் வந்து குடியிருக்கிற யாரும் உள்ளூர்த் தேர்தலில் ஓட்டுப் போடலாம்.

சரி, உங்களுக்கு உள்ள நேர்வழி ஒன்றுண்டு. 2003இல் வந்த ஒன்றியத்தின் ஒரு நெறிமுறைப்படி, ஐந்து வருடம் தொடர்ந்து சட்டப்படி வசித்தால் நீண்டகால வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பருவகால வேலைக்கு வந்தவர்களுக்கு இது பொருந்தாது. டென்மார்க்கும் அயர்லாந்தும் அந்த நெறிமுறைக்குள் இல்லை. உரிமை கிடைத்த பிறகு ஜேர்மனியில் வேலைக்கு விண்ணப்பிக்கும் வாசல் திறக்கும், அப்போதும் ஜேர்மனி தன் நிபந்தனைகளை வைக்கலாம். ருமேனியா தன் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்கிறது, ஆகவே இப்போதே படிக்கத் தொடங்குங்கள். ஏஜென்சிக்கு இன்னொரு தடவை பணம் கட்டாதீர்கள். பெர்மிட் காலாவதியாக விடாதீர்கள், சம்பளச் சீட்டுகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் எறியாமல் வையுங்கள். தீபாவளிக்கு ஊருக்கு வந்து போகலாம். ஆனால் ஒரே மூச்சில் ஆறு மாதம் தங்கிவிடாதீர்கள், ஐந்து வருடத்தில் மொத்தமாகப் பத்து மாதத்தைத் தாண்டினாலும் கணக்கு அறுந்துவிடும்.