25-ஆம் தேதி மதியம் எங்கே சாப்பிடப் போகிறீர்கள்?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். 9, 13 வயதில் இரண்டு பிள்ளைகள், உடன் அம்மா. இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு டிசம்பர் 23 முதல் 27 வரை லண்டன், அங்கிருந்து 30 வரை பாரிஸ் என்று விமானமும் அறையும் பதிவு செய்துவிட்டோம். சேர்த்து வைத்த பணத்தில் 62% அதற்கே போய்விட்டது. போன வருடப் பயணத்தில் சாப்பாட்டுச் செலவு நினைத்ததைப் போல இரண்டரை மடங்கு ஆகி, கிரெடிட் கார்டு கடனை ஜூன் மாதம் வரை கட்டினோம். இந்த முறை அறையிலேயே சமைத்துக்கொள்ளலாம் என்கிறேன். “அவ்வளவு தூரம் போய் அங்கேயும் அடுப்படியில்தான் நிற்க வேண்டுமா?” என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி? மீதி 38%-ஐ எப்படிப் பிரிப்பது? கார்டைக் கொண்டு போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் மனைவி சொல்வதில் முக்கால்வாசி சரி. ஊர் சுற்றப் போகிறவர்களுக்குச் சாப்பாடும் ஒரு காட்சிதான். போன வருடம் நீங்கள் வெளியே சாப்பிட்டதில் தப்பில்லை. எங்கே, எப்போது, எவ்வளவுக்கு என்பதைப் பசி வந்த பிறகு முடிவு செய்தீர்கள், அதுதான் இரண்டரை மடங்காக நின்றிருக்கும். பசியோடு ஐந்து பேர் தெருவில் நிற்கும்போது மெனு அட்டையின் வலது பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை.

எனக்கே நடந்தது. சில வருடங்களுக்கு முன்பு, டிசம்பர் 25, லண்டன். அன்று அங்கே பாதாள ரயிலும் ஓடாது, பேருந்தும் ஓடாது. ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தருகிற எனக்கு அந்த விஷயம் தெரியாது. அறையிலிருந்து குடும்பத்தோடு நடந்தோம், நடந்தோம், மூடிய கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். மதியம் இரண்டரை மணிக்கு விளக்கு எரிந்த ஒரே இடம், ஒரு பெரிய ஹோட்டலின் உணவகம். அன்றைக்கு ‘கிறிஸ்துமஸ் மெனு’ மட்டும்தான், தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை. சின்னவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மேஜையிலேயே தூங்கிப்போனாள். அவளுக்கும் சேர்த்துத்தான் பில். அதன் மேல் 12.5% சேவைக் கட்டணம். கடைசியில் கார்டு மெஷின், “உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கட்டுமா, பவுண்டில் எடுக்கட்டுமா?” என்று கேட்டது. நம்ம ஊர்ப் பணம் என்றால் புரியுமே என்று அதை அழுத்தினேன். மூன்று நாள் சாப்பாட்டுக்கு வைத்திருந்தது ஒரே மதியத்தில் போனது.

உங்கள் தேதிகளைப் பார்த்ததும் அந்த மதியம்தான் நினைவுக்கு வந்தது. 24, 25, 26 ஆகிய மூன்று நாளும் நீங்கள் லண்டனில் இருக்கிறீர்கள். பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், லண்டன் டவர் எல்லாம் மூடியிருக்கும் நாட்கள் சரியாக அந்த மூன்றுதான். இவற்றில் டவரைத் தவிர மற்ற மூன்றிலும் நிரந்தரக் காட்சிக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. இலவசமாகப் பார்க்கக்கூடியவை மூடிக் கிடக்கும்போது குடும்பம் எங்கே போய் உட்காரும்? உணவகத்தில்தான். விடுமுறை நாளின் செலவு இப்படித்தான் ஏறுகிறது.

அறைகளின் தேதியை மாற்ற அபராதம் இல்லை என்றால், முதலில் பாரிஸ், பிறகு லண்டன் என்று திருப்பிப் போட முடியுமா பாருங்கள். விமானம் ஒத்துவராது என்றால் விடுங்கள், இருப்பதை வைத்தே ஓட்டலாம். 23-ஆம் தேதி நேரத்தோடு இறங்கிவிட்டால் அன்றைக்கே ஒரு அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். 24, 26 தேதிகளை அலங்கார விளக்குகள், தேம்ஸ் கரை, பூங்காக்கள் என்று நடைக்கு ஒதுக்குங்கள். தேவாலயங்களில் வழிபாட்டுக்கு வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு முன்பதிவோ வரிசையோ உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 25 அன்று நடந்து போகிற தூரம்தான் உங்கள் உலகம்.

நீங்கள் சொன்ன சமையலுக்கு உரிய நாளும் அதே 25-தான். இங்கிலாந்தில் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக் கூடாது என்று 2004-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட் எதுவும் திறக்காது. 24 மதியமே இரண்டு வேளைக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிடுங்கள், அன்று சாயங்காலமே கடைகளை மூடத் தொடங்கிவிடுவார்கள். அறையில் அடுப்பு இருக்கிறதா, வெந்நீர்க் கெட்டில் மட்டுமா என்று இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். கெட்டில் மட்டும் என்றால், 25 மதியத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் உணவகத்தில் இப்போதே இடம் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் முன்பணம் கேட்பார்கள், அதைத் திருப்பித் தரும் விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். குழந்தைகளுக்குத் தனி விலை உண்டா, அம்மா குறைவாகச் சாப்பிடுபவர் என்றால் அவருக்கு ஒரு பதார்த்தம் மட்டும் தருவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இப்போது கணக்கு. மொத்தச் சேமிப்பு 100 என்றால் கையில் இருப்பது 38. அதில் 6-ஐத் தொடாமல் தனியாக வையுங்கள். தவறிப்போன ரயிலுக்கும், அம்மாவுக்குத் திடீரென்று வேண்டிய மருந்துக்கும் அது. உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 5, பார்க்கிற இடங்களுக்கு 8. மீதி 19 சாப்பாட்டுக்கு.

இந்த 19-ஐ எட்டு நாளுக்கும் சமமாக வகுத்துவிடாதீர்கள். அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். சராசரி போட்டால் ஒரு நாளும் திருப்தி இருக்காது, நாலாம் நாள் அலுத்துப்போய் ஒரே இரவில் அள்ளி விடுவீர்கள். இரண்டு பெரிய சாப்பாடு, ஒவ்வொன்றுக்கும் 3.5 என்று 7-ஐ முதலிலேயே எடுத்து வையுங்கள். 25 மதியம் வெளியே என்றால் அந்த இரண்டில் ஒன்று அது. மீதி 12, எட்டு நாளுக்கு நாள் ஒன்றுக்கு 1.5. காலையில் அறையிலேயே ரொட்டி, பழம், பால். மதியம்தான் நாளின் பெரிய வேளை. பாரிஸில் ‘ஃபார்முல்’ என்று இரண்டு மூன்று பதார்த்தம் சேர்த்து மதியத்துக்கு ஒரு விலை போடுவார்கள். அதே உணவகத்தின் இரவு விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். இரவில் சூப், சாண்ட்விச் போதும். நாள் முழுக்க நடந்த பிள்ளைகள் இரவு எட்டு மணிக்கு மேல் மேஜையில் உட்கார்ந்து ரசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பில்லைப் படிப்பதும் ஊருக்கு ஊர் வேறு. லண்டனில் பல உணவகங்கள் 12.5% சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடும். ‘விருப்பப்பட்டால்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். சேவை மோசம் என்றால் எடுக்கச் சொல்லலாம், நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஆனால் அதற்கு மேல் டிப்ஸ் வைக்காதீர்கள். பிரான்ஸில் மெனு விலையிலேயே சேவை அடக்கம், மேற்கொண்டு சில்லறை வைப்பது உங்கள் பிரியம். தண்ணீர் கேட்கும்போது ‘கராஃப் தோ’ என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் ஒரு ஜாடியில் வரும், சாப்பாட்டோடு அது இலவசம். வெறுமனே ‘வாட்டர்’ என்றால் பாட்டில் வரும், பில்லிலும் வரும். ஐந்து பேர், எட்டு நாள், பாட்டில் தண்ணீர்... நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

பார்க்கிற இடங்களுக்கு 8 போதுமா என்றால், போதும். பாரிஸில் லூவ்ர், ஓர்சே என்ற இரண்டு அருங்காட்சியகங்களிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. பல அருங்காட்சியகங்களுக்கும் ஒரே சீட்டாகத் தருகிற மியூசியம் பாஸைப் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள், அது பெரியவர்கள் மூவருக்கு மட்டும் யோசிக்க வேண்டிய விஷயம். அதிலும் பாஸின் நாட்கள் தொடர்ச்சியாக ஓடும். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள். உங்கள் நாலு நாளில் அந்தக் கிழமைகள் எங்கே விழுகின்றன என்று பார்த்த பிறகே வாங்குங்கள். 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர தாம் தேவாலயத்துக்குள் போகக் கட்டணம் கிடையாது.

லண்டன் போக்குவரத்தில் 11 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர்களோடு இலவசமாகப் போகலாம், உங்கள் சின்னக் குழந்தைக்குச் செலவில்லை. மற்றவர்களுக்குக் கார்டைத் தட்டிப் போகும்போது ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது என்று உச்சவரம்பு உண்டு. ஆனால் ஒரே கார்டை நாலு பேருக்கும் தட்ட முடியாது, ஆளுக்கு ஒன்று வேண்டும்.

கடைசியாகக் கிரெடிட் கார்டு. கொண்டு போங்கள், ஆனால் சாப்பாட்டுக்கு அதை எடுக்காதீர்கள். ஹோட்டலில் அறைக்கு ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுப்பதே நல்லது. டெபிட் கார்டு என்றால் உங்கள் கைக்காசுதான் முடங்கும். சாப்பாட்டுக்கான 19-ஐத் தனியாக ஒரு ப்ரீபெய்டு பயண அட்டையில், பவுண்டு கொஞ்சம், யூரோ கொஞ்சம் என்று ஏற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இரவும் அதன் இருப்பைப் பெரிய பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். 13 வயதுக்கு அது சரியான வேலை, நாமே பார்த்தால் “நாளைக்குச் சரிக்கட்டலாம்” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். எந்த மெஷின் எந்தப் பணம் என்று கேட்டாலும் அந்தந்த நாட்டுப் பணத்தையே அழுத்துங்கள். நம் பணத்தைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு வைக்கும், அதில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். கிரெடிட் கார்டில் ரொக்கம் மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள், எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும்.

போன வருடக் கடன் ஜூன் வரை இழுத்ததற்குக் காரணமும் வட்டிதான். பாக்கி வைத்த மாதத்திலிருந்து வட்டியில்லாக் காலம் போய்விடும், அதன் பிறகு ஊரில் வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3% என்று வைத்துக்கொண்டால் கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42.6% ஆகிறது. அந்த வட்டிக்கு எந்தச் சாப்பாடும் ஈடாகாது.

பாரிஸில் 29 இரவு இரண்டாவது பெரிய சாப்பாட்டை வைத்துக்கொள்ளுங்கள், மறுநாள் கிளம்பப் போகிறீர்கள். இடத்தை மனைவியே தேர்ந்தெடுக்கட்டும். 3.5 என்ற எண்ணை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, நீங்கள் மெனுவைத் திறக்காமல் உட்காருங்கள்.