ஜூனோவில் திமிங்கலம் பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அலாஸ்காவின் ஜூனோவில் நான்கு கோடைகள் திமிங்கலப் படகில் வழிகாட்டியாக இருந்தேன். சுற்றுலாக் கப்பலில் வருகிறவர்கள் கேளுங்கள்.

கே: கப்பலை விட்டு இறங்கியதும் படகு அங்கேயே நிற்குமா?

ப: நிற்காது. பெரும்பாலான படகுகள் ஆக் பே துறையிலிருந்து கிளம்புகின்றன. கப்பல் துறையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பேருந்தில் அரை மணி நேரம். போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அப்புறம் கடிகாரம்! பல கப்பல்கள் கிளம்பும் சியாட்டில் நகரத்தின் நேரம் அலாஸ்காவைவிட ஒரு மணி முன்னே. கப்பல் சியாட்டில் நேரத்திலேயே ஓடினால், உங்கள் கைபேசி மூன்றரை காட்டும்போது கப்பலில் நாலரை.

கே: கடல்நோய் வருமா?

ப: தீவுகளுக்கு நடுவே அலை குறைவு. பயமிருந்தால் கிளம்பும் முன்பே மாத்திரை போடுங்கள். குமட்டல் வந்தபின் போட்டுப் பயனில்லை.

கே: திமிங்கலம் தண்ணீரைப் பீய்ச்சுவது எப்படி?

ப: அது கடல் தண்ணீரைப் பீய்ச்சுவது இல்லை, மூச்சு. நுரையீரலின் சூடான காற்றிலுள்ள ஈரம் குளிரில் நுண்துளிகளாகிப் புகை போலத் தெரிகிறது. காற்று நம் பக்கம் திரும்பினால் அழுகிய மீன் வாடை! ஹம்ப்பேக் எனப்படும் கூன்முதுகுத் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் ஹவாயில் குட்டி போட்டு, பெரும்பாலும் பட்டினியாகவே இருந்துவிட்டு, கோடையில் இங்கே ஹெர்ரிங் மீனைத் தின்ன வருகின்றன. முதுகை வளைத்து வாலைத் தூக்கினால் ஆழத்துக்குப் போகிறது என்று அர்த்தம். ஐந்து, பத்து நிமிடம் வராது. வாலின் அடிப்பக்கக் கறுப்பு வெள்ளைக் கோலம் நம் கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு. அதைப் படமெடுங்கள்.

கே: போன வருடம் திமிங்கலம் எங்கள் படகின் பக்கத்திலேயே வந்தது. படகு 100 கஜத்துக்குள் போகக் கூடாது என்று வழிகாட்டிகள் நீங்கள் பயமுறுத்துகிறீர்களே?

ப: பயமுறுத்தவில்லை, அது அமெரிக்கச் சட்டம். அலாஸ்காவில் கூன்முதுகுத் திமிங்கலத்தை 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், படகு நெருங்கக் கூடாது.

கே: அது தானாக வந்தது சார்!

ப: தானாக வந்தால் இயந்திரத்தை நியூட்ரலில் போட்டு, அது போகும்வரை காத்திருக்க வேண்டும். உங்கள் படகு அப்படிக் காத்திருந்ததா, இல்லை அது போகிற வழியில் முன்னாடியே போய் நின்றதா?

கே: முன்னாடி போய் நின்றோம். அதனால் என்ன?

ப: அதையும் சேர்த்துத்தான் சட்டம் தடுக்கிறது. மறித்து நின்றுவிட்டு 'அதுவே வந்தது' என்றால் எப்படி? இரை தின்னும் நான்கைந்து மாதத்தில் அது தின்றாக வேண்டும். ஒரு நாளில் எத்தனை படகு மறிக்கும் என்று யோசியுங்கள்.

கே: என் டிக்கெட் காசுக்குக் கிட்டே பார்க்க வேண்டாமா?

ப: பைனாகுலர் கொண்டு வாருங்கள்.

கே: கப்பல் நிறுவனம் வழியாக இல்லாமல் வெளியில் படகு பதிந்து, திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்குமா?

ப: காத்திருக்காது. கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா தாமதமானால்தான் காத்திருப்பார்கள். ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. தவறவிட்டால் விமானமோ படகோதான்.

கே: கைபேசி நேரத்தைப் பார்த்து வரலாமா?

ப: முதல் பதிலை மறுபடி படியுங்கள்.

கே: கப்பல் நேரமா, ஊர் நேரமா?

ப: கப்பல் நேரம். கப்பல் நேரம்.